ஐ7 போட்டால் வேகம் வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் 2014-இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-4130 ப்ராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது. என் கணவரின் பாத்திரக் கடைக்கான டேலி கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாவற்றையும் இதில்தான் பார்க்கிறேன். ஆன் செய்து வேலையைத் தொடங்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. குரோமில் நான்கு டேப் திறந்தால் மவுஸ்கூட நின்றுவிடுகிறது. மகள் இந்த ஆண்டு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறாள். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. கடையில் கேட்டால், "ப்ராசசர் பழசாயிடுச்சு, செகண்ட் ஹேண்ட்ல ஐ7 போட்டுத் தர்றேன், பறக்கும்" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ரைசன் போடச் சொல்கிறார். எந்த ப்ராசசர் வாங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு எந்த ப்ராசசரும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி எதுவும் ப்ராசசரின் குற்றமாகத் தெரியவில்லை. ஆன் ஆக ஐந்து நிமிடம், நாலு டேப்பில் மவுஸ் நின்றுபோவது, இரண்டும் ஹார்ட் டிஸ்க்கும் ராமும் சேர்ந்து செய்யும் வேலை. இந்த நிலையில் ஐ7 போட்டால், அந்த ஐ7-ம் அதே ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். பணம் போயிருக்கும், ஐந்து நிமிடம் நாலே முக்கால் ஆகியிருக்கும்.

என் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை, நீங்களே பார்த்துவிடலாம். நாளைக் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்தவுடன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்ன ஜன்னலாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்திவிட்டு, மேலே 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். அநேகமாக உங்களுக்குத் தெரியப்போவது இதுதான்: டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சிபியு பாதியைக்கூடத் தொடாமல் இருக்கும். டிஸ்க்கின் மேல் கிளிக் செய்தால் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒரு எண் மில்லி செகண்டில் வரும். திணறும் ஹார்ட் டிஸ்க்கில் அது நூற்றுக்கணக்கில் ஏறும், சில நேரம் ஆயிரத்தையும் தாண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் அதே இடத்தில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படித் திணறுகிறது என்பது எளிய கணக்கு. மேசைக் கம்ப்யூட்டரில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம், தட்டைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதற்கு முன் தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு எட்டு ஒன்பது மில்லி செகண்ட். ஆக, எங்கோ இருக்கும் ஒரு சின்ன ஃபைலைத் தொட 12, 13 மில்லி செகண்ட் ஆகிறது. செகண்டுக்கு எண்பது ஃபைல் என்று வையுங்கள். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கிறது. ஆன்டிவைரஸ், அப்டேட் எல்லாமும் அதே நேரத்தில் வரிசையில் வந்து நிற்கின்றன. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது. அதே வேலைக்கு 0.1 மில்லி செகண்ட்கூட ஆகாது.

இத்துடன் ராம் பற்றாக்குறையும் சேர்கிறது. 4 ஜிபியில் ஏறக்குறைய பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். டேலியும் குரோமும் திறந்தால் மீதியும் தீர்ந்துவிடும். இடம் போதாதபோது விண்டோஸ் ராமில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் எழுதும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். ஏற்கெனவே திணறும் டிஸ்க்கின் தலையில் இந்தச் சுமையும் ஏறுகிறது. உங்கள் மவுஸ் நின்றுபோவது அந்தக் கணத்தில்தான். டாஸ்க் மேனேஜரில் மெமரியைக் கிளிக் செய்து 'கமிட்டட்' என்பதில் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 4-ஐத் தாண்டி நின்றால், இருக்கும் ராமுக்கு மேல் புரோகிராம்கள் கேட்கின்றன என்று அர்த்தம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியவை ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைப் போலவே கேபிளில் இணைவது), கொஞ்சம் டிடிஆர்3 ராம் (உங்கள் போர்டு ஏற்கும் வகை). இரண்டும் சேர்ந்து உங்கள் 15,000-க்குள் அடங்கிவிடும். எஸ்எஸ்டி 240 அல்லது 256 ஜிபி உங்கள் வேலைக்குப் போதும், கட்டுப்படியானால் 500 பக்கம் உள்ளதை எடுங்கள். எம்.2 என்று சின்னப் பட்டையாக வருவதை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்காது. அடாப்டர் வைத்துச் செருகினாலும் இந்தக் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து பூட் ஆகாது. எச்81 சிப்செட்டில் சாட்டா போர்ட் நான்கு உண்டு, அவற்றில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம் உள்ளவை, மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். பல போர்டுகளில் வேகமான இரண்டும் வேறு நிறத்தில் இருக்கும். எஸ்எஸ்டியை அதில் ஒன்றில் செருகச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் போட்டோ, வீடியோ வைக்க இரண்டாவது டிஸ்க்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

ராமில் ஒன்றிரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எச்81 போர்டில் இரண்டு ஸ்லாட்தான், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக் போடுவது நல்லது. இந்த ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸும் ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது, ஜோடியாக இருந்தால் அதற்கும் வேகம் கூடும். உங்களுக்கு 8 ஜிபி போதும். ஆன்லைனில் மிக மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் கிடைக்கும், விவரத்தில் 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏஎம்டி என்பது இன்டெல்லின் போட்டி நிறுவனம், அந்த ஸ்டிக் இன்டெல் போர்டில் வேலை செய்யாது. டிடிஆர்4 வாங்கினால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு.

பணம் கொடுக்கும் முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் 4 ஜிபி ராமோடு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் பலவற்றில் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் எத்தனை ஜிபி ராம் சேர்த்தாலும் 4-க்கு மேல் பயன்படாது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்' போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 64 பிட்டா, 32 பிட்டா என்று தெரியும். 32 என்று இருந்தால் பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யச் சொல்லாதீர்கள், 64 பிட் விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். 64 ஆகவே இருந்தாலும், பத்து வருடம் ஓடிய விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

இதைச் செய்து இரண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். அதன் பிறகும் ஏதாவது ஒரு வேலையில் மட்டும் சிபியு 100 சதவீதத்தில் நின்றால், அப்போது ப்ராசசரைப் பற்றிப் பேசலாம். உங்கள் வீட்டில் அது எங்கே நடக்கும் என்று ஊகிக்க முடிகிறது. யூடியூப் இப்போது பெரும்பாலான வீடியோக்களை விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்க வடிவில் அனுப்புகிறது. உங்கள் நான்காம் தலைமுறை ப்ராசசரின் கிராஃபிக்ஸில் அவற்றை விரிப்பதற்கான தனி வன்பொருள் முழுமையாக இல்லை. அதனால் அந்த வேலை முழுவதும் ப்ராசசரின் இரண்டு கோர்களின் (கணக்கிடும் மையங்களின்) தலையில் விழுகிறது. பிரவுசரில், உங்கள் கிராஃபிக்ஸே விரித்துவிடக்கூடிய எச்.264 வடிவையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டால் இதில் பாதிச் சுமை இறங்கிவிடும், செலவும் இல்லை. மகள் வீடியோ வகுப்பைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் புரோகிராம் எழுதும்போதுதான் இரண்டு கோர் உண்மையிலேயே போதாமல் போகும்.

அப்படிப் போதாது என்று தெரிந்தால் என்ன போடலாம்? ரைசன் இந்தப் போர்டில் உட்காராது. அது ஏஎம்டி, அதன் சாக்கெட் வேறு. இன்டெல்லிலேயே புதிய தலைமுறை எதுவும் உட்காராது. உங்கள் போர்டின் சாக்கெட் எல்ஜிஏ 1150. அதில் எச்81 ஏற்பது நான்காம் தலைமுறை ப்ராசசர்கள்தான், கதை அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. புதிதாகவும் கிடைக்காது, எல்லாம் பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றியவை. அதில் தவறில்லை. ப்ராசசர் என்பது எளிதில் கெட்டுப்போகிற பொருள் அல்ல, பக்கத்தில் இருக்கும் மதர்போர்டும், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியும் அதற்கு முன்பே போய்விடும்.

கடைக்காரர் சொல்லும் ஐ7 அநேகமாக ஐ7-4770 அல்லது 4790 ஆக இருக்கும். இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). உங்கள் ஐ3-4130-இல் இரண்டு கோர், நான்கு த்ரெட். இங்கே ஒரு விவரம் முக்கியம்: உங்கள் ப்ராசசரின் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், 4770 அதிகபட்சமாக எட்டுவது 3.9. இரண்டும் ஒரே தலைமுறை என்பதால், ஒரு கோர் செய்கிற வேலையில் வித்தியாசம் அவ்வளவுதான். ரசீது போடுவது, லெட்ஜரைத் திறப்பது, வேர்டில் கடிதம் அடிப்பது போன்றவை பெரும்பாலும் ஒரு கோரை நம்பி ஓடுபவை. ஐ7 வந்தாலும் டேலியில் உங்களுக்கு மாற்றம் தெரியாது. பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும்போதுதான் தெரியும், அதற்கு நான்கு கோர் உள்ள ஐ5 போதும். ஐ7-க்குக் கேட்கும் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கும்.

ஐ5 என்றால் ஐ5-4570-ஐக் கேளுங்கள், 4590-ஐ அல்ல. வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 4570 வந்தது 2013-இல், 4590 வந்தது 2014-இல். அந்த 2014 வரிசை வருவதற்கு முன் தயாரான எச்81 போர்டுகளுக்கு பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்தால்தான் 4590, 4790 போன்றவை எழுந்து நிற்கும். செய்யாமல் செருகினால் திரை கறுப்பாகவே கிடக்கும், "போர்டு போச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். 4570-க்கு அந்தத் தலைவலி கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஐ3 எடுக்கும் மின்சாரம் 54 வாட் வரைக்கும்தான் கணக்கு, இந்த ஐ5, ஐ7 எல்லாம் 84 வாட். பழைய ஃபேனைத் தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவாமல் மாற்றக் கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வந்த பத்து வருட எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் இதைச் செய்வதிலும் எனக்குச் சம்மதமில்லை. இந்த சாக்கெட்டில் நுண்ணிய ஊசிகள் இருப்பது ப்ராசசரில் அல்ல, போர்டில். கழற்றும்போது ஒன்று வளைந்தாலும் போர்டு போனது போலத்தான். அதனால் இந்த வேலையைக் கண் எதிரில் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். ப்ராசசரின் உலோக மூடியில் பொறித்திருக்கும் மாடல் எண்ணை உங்கள் கண்ணால் படியுங்கள். எண்ணுக்குப் பதிலாக 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி, வாங்கக் கூடாது. எண்ணின் கடைசியில் 'டி' என்ற எழுத்து இருந்தால் மின்சாரத்தைக் குறைக்க வேகத்தையும் குறைத்த வகை, விலையும் குறைய வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், உங்களிடம் மீதமிருக்கும் பணத்தை இந்தப் போர்டில் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம், எந்தப் பொருள் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கூட வரும், எது வராது என்ற கணக்கு. எஸ்எஸ்டி வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதுவும் வரும். மானிட்டர், கீபோர்டு, கேபினெட் வரும். டிடிஆர்3 ராம் வராது, ஆனால் அது சின்னச் செலவு. நான்காம் தலைமுறை ஐ7 வராது, அது பெரிய செலவு. பழைய வண்டிக்கு விலையுயர்ந்த இன்ஜின் வாங்கிப் போடுவதைப் போல, வண்டியோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

வண்டி போக வேண்டிய தேதியும் ஏறக்குறைய தெரிந்ததுதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டம் இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசு கொடுக்க வேண்டியதில்லை. சேர்ந்துவிடுங்கள். விண்டோஸ் 11 உங்கள் கம்ப்யூட்டருக்கு அதிகாரபூர்வமாகக் கிடையாது: இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறார்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ7-4790 போட்டாலும் இது மாறாது, அதுவும் நான்காம் தலைமுறைதான். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டதற்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. கடையின் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஆக, மீதிப் பணத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சேர்த்து, ப்ராசசர், போர்டு, ராம் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதுதான் வழி. அப்போது கேட்க வேண்டிய பெயர் இன்டெல் கோர் ஐ3-12100. ஐ3 என்று கேட்டதும் தயங்காதீர்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் இருக்கும் படிநிலை மட்டும்தான். தலைமுறையைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்: 4130-இல் முதல் இலக்கம் 4, 12100-இல் முதல் இரண்டு இலக்கம் 12. இந்த ஐ3-இல் நான்கு கோர், எட்டு த்ரெட். 2011-இல் வந்த ஐ7-2600-இலும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் ஒரு கோரின் வேகத்தில் இந்த ஐ3 கிட்டத்தட்ட இரு மடங்கு. 'ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி' என்று தலைமுறையைச் சொல்லாமல் மலிவாக விற்கும் பழைய கம்ப்யூட்டர்களில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி பழைய ஐ7-தான்.

12100-இன் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருக்கக் கூடாது. 12100எஃப் கொஞ்சம் மலிவு, ஆனால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டியில் இதற்கு இணையாக ரைசன் 5 5600ஜி உண்டு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், கிராஃபிக்ஸும் இதைவிட நல்லது. அங்கே 'ஜி' என்ற எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும், வெறும் 5600-இல் கிராஃபிக்ஸ் இல்லை. உங்கள் தெரிந்தவர் சொன்ன ரைசன் இதுவாக இருந்தால் மோசமான யோசனை அல்ல. மகளே முக்கியப் பயனாளர் என்றால் 5600ஜி, டேலிதான் முக்கியம் என்றால் ஒரு கோரின் வேகம் கூடுதலாக உள்ள 12100. நான் 12100 பக்கம்தான் சாய்வேன். அதற்காக வாங்கும் எச்610 போர்டிலேயே நாலைந்து வருடம் கழித்துப் பழைய ஐ5-12400 ஒன்றை வாங்கிப் போட்டு ஆறு கோருக்கு ஏறலாம்.

எச்610 போர்டு டிடிஆர்4 வகையிலும் டிடிஆர்5 வகையிலும் வருகிறது. ராம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக் கிடக்கிறது. அதனால் போர்டை மட்டும் தனியாக விலை பேசாதீர்கள். ப்ராசசர், போர்டு, 16 ஜிபி ராம் மூன்றுக்கும் சேர்த்து டிடிஆர்4-இல் எவ்வளவு, டிடிஆர்5-இல் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு கடையிலும், உங்கள் ஊரில் ஒரு கடையிலும், ஆன்லைனிலும் அதே பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். வாரண்டியோடு பில் தரும் உள்ளூர்க்காரர் சில நூறு ரூபாய் கூடச் சொன்னாலும் அவரிடமே வாங்கலாம்.

மகளைப் பற்றி. முதல் ஆண்டில் சி, பைத்தான், ஜாவா எழுத எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் போட்ட உங்கள் பழைய கம்ப்யூட்டரே தாங்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதன் எமுலேட்டர் என்று போனால் தாங்காது, அதற்கு 16 ஜிபியும் புதிய ப்ராசசரும் வேண்டும். கல்லூரியில் லேப்டாப் கொண்டுவரச் சொல்வார்களா, அரசு மடிக்கணினி கிடைக்கும் கல்லூரியா என்று சேர்ந்த பிறகு விசாரித்துவிட்டு, அதன் பிறகு பெரிய செலவை முடிவு செய்யுங்கள். புதியது வந்ததும் பழையதில் லினக்ஸ் மின்ட் போட்டு அவளிடம் கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் நல்லதுதான்.

கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கும் முன், டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலும் கணவரின் லேப்டாப்போ நம்பகமான உறவினர் கம்ப்யூட்டரோ இருந்தால் அதிலும் காப்பி எடுத்து, அங்கே திறந்து பார்த்துவிடுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இருந்தால் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். எஸ்எஸ்டி போட்ட பிறகு கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள், ஒரு மாதமாவது ஃபார்மேட் செய்யாமல் பீரோவில் இருக்கட்டும், அதன் பிறகு இரண்டாவது டிஸ்க்காகப் போட்டுக்கொள்ளலாம். அப்படியே மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பின்னுக்குப் போய்விடும், ஜிஎஸ்டி தளம் சான்றிதழ் பிழை காட்டித் திறக்காது.